திடீர்ச் சாவும் சாட்சிகளும்: 18-ஆம் நூற்றாண்டு லண்டனின் மரண விசாரணைக் காகிதங்களைப் படிப்பது எப்படி?

1700-களின் லண்டனில் ஒருவர் தேம்ஸ் ஆற்றில் பிணமாக மிதந்தாலோ, வண்டிச் சக்கரத்தில் சிக்கினாலோ, ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்காமல் போனாலோ, அக்கம்பக்கத்தாரை வரவழைத்துச் சத்தியம் வாங்கி விசாரித்தார்கள். அவர்கள் சொன்னதை எழுதி வைத்தார்கள். சலவைக்காரி, படகோட்டி, வீட்டு வேலைக்காரப் பெண், மதுக்கடைப் பணியாள், இரவுக் காவலர் என்று, சரித்திரப் புத்தகங்களில் வாய் திறக்க இடமே கிடைக்காதவர்கள் பேசிய காகிதங்கள் அவை. ஆயிரக்கணக்கில் மிஞ்சியிருக்கின்றன. காசு கொடுக்காமல், வீட்டிலிருந்தே படிக்கலாம்.

வரலாறு படிக்கும் மாணவர்களுக்கும், அந்தக் காலத்து நகரத்தை வைத்துக் கதை எழுத நினைப்பவர்களுக்கும், சும்மா ஆர்வத்தில் நுழைபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒரே கட்டிலில் எத்தனை பேர் படுத்தார்கள், தெருக்கதவுச் சாவி யாரிடம் இருந்தது, காலையில் முதலில் எழுந்து அடுப்பு மூட்டியது யார் என்பதையெல்லாம் வேறு எந்த ஆவணமும் இந்த அளவுக்குச் சொல்லாது. ஆனால் நேராகப் போய்ப் படித்தால் தவறாகப் புரிந்துகொள்ள நிறைய வாய்ப்பு உண்டு. காரணம், இந்தக் காகிதங்களில் பதில்கள் மட்டும்தான் இருக்கின்றன. கேட்கப்பட்ட கேள்விகள் எழுதப்படவில்லை. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் என்ன கேள்வி இருந்திருக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வாசிப்பில் பாதி வேலை. கீழே வரும் படிகள் எல்லாமே அதற்கான தயாரிப்புதான்.

படி 1: விசாரணை எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

விசாரணையை நடத்தியவர் கொரோனர், அதாவது மரண விசாரணை அதிகாரி. இங்கிலாந்தில் இந்தப் பதவி 1194-இலிருந்து இருக்கிறது. இலங்கையில் இன்றும் இருக்கும் திடீர் மரண விசாரணை அதிகாரி, தமிழ்நாட்டில் பஞ்சாயத்தார் முன்னிலையில் போலீஸ் நடத்தும் பிரேத விசாரணை, இரண்டுமே பிரிட்டிஷ் ஆட்சி வழியாக இந்த மரபிலிருந்து வந்தவை.

சந்தேகத்துக்கு இடமான சாவு என்றால் பங்கின் ஊழியரோ கான்ஸ்டபிளோ கொரோனருக்குத் தகவல் சொல்வார். (பங்கு என்பது ஒரு கோவிலைச் சேர்ந்த நிர்வாகப் பகுதி. ஏழைகளைப் பராமரிப்பது முதல் தெருக்காவல் வரை அதன் பொறுப்பு.) கொரோனர் உத்தரவு போட்டால், அந்த வட்டாரத்தில் வீடு வைத்திருக்கும் ஆண்கள் 12 முதல் 24 பேர் வரை ஜூரிகளாக அழைக்கப்படுவார்கள். அவர்களில் 12 பேராவது ஒத்துப்போனால்தான் முடிவு செல்லும்.

கூடிய இடம் நீதிமன்றம் அல்ல. பெரும்பாலும் பிணம் கிடந்த இடத்துக்குப் பக்கத்திலுள்ள மதுக்கடை, அல்லது ஏழைகள் விடுதி. பிணத்தை நேரில் பார்க்காமல் விசாரணை செல்லாது என்பது சட்டம். கொரோனரும் ஜூரிகளும் முதலில் போய் உடலைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அவசரமாகப் புதைத்துவிட்டால் தோண்டி எடுக்கவும் செய்தார்கள். சாட்சி சொல்ல வந்த பெண், பக்கத்து அறையில் தன் தோழியின் உடல் கிடக்க, தெரு ஆண்கள் அத்தனை பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, மதுவாடை வீசும் கூடத்தில் நின்று பேசினாள். படிக்கும்போது அந்தக் கூடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொரோனர் பொதுவாக டாக்டர் அல்ல, சட்டம் தெரிந்தவர். 1752-இல் வந்த சட்டம் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கொரோனர்களுக்கு ஒரு விசாரணைக்கு 20 ஷில்லிங்கும், பயணத்துக்கு மைலுக்கு 9 பென்ஸும் கொடுத்தது. சிறையில் யார் இறந்தாலும் விசாரணை கட்டாயம். அதனால் தொகுதிகளைப் புரட்டும்போது கைதிகள் அடிக்கடி வருவார்கள்.

படி 2: எங்கே தேடுவது

இரண்டு தளங்கள் போதும். முதலாவது லண்டன் லைவ்ஸ். 1690 முதல் 1800 வரையிலான லண்டன் ஆவணங்களில் சுமார் 2,40,000 கையெழுத்துப் பக்கங்களைப் படமாகவும், தட்டச்சு செய்த வரிகளாகவும் தருகிறது. அதில் மரண விசாரணைகள் தனி வகையாக இருக்கின்றன. வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியின் விசாரணைகள் 1760-இலிருந்து கிடைக்கும். அவற்றின் மூலம் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. லண்டன் சிட்டி எனப்படும் பழைய நகரத்தின் விசாரணைகள் 1788-இலிருந்து தொடங்கும்.

இரண்டாவது ஓல்ட் பெய்லி ஆன்லைன். 1674 முதல் 1913 வரை லண்டனின் ஓல்ட் பெய்லி குற்றவியல் நீதிமன்றத்தில் நடந்த ஏறக்குறைய 1,97,000 வழக்குகளின் அச்சிட்ட அறிக்கைகள் அங்கே இருக்கின்றன. சாவு கொலை வழக்காக மாறியிருந்தால் கதையின் மீதி இங்கேதான். கைதி மீது "கொரோனரின் விசாரணைப்படியும்" குற்றம் சுமத்தப்பட்டது என்று ஒரு வரி இருந்தால், அதற்கு முன்னால் ஒரு மரண விசாரணை நடந்தது என்று அர்த்தம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில், 1770-களிலோ 1780-களிலோ ஒரு விபத்துச் சாவை எடுத்துக்கொள்வது நல்லது. கொலையிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. கொலை என்றால் மனம் முடிவை நோக்கி ஓடும். கூரையிலிருந்து விழுந்த தொழிலாளி, படகு கவிழ்ந்த பையன் என்று எடுத்தால் நிதானமாகப் படிப்பீர்கள்.

தேடும்போது பெயரின் எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம். ஒரே ஆவணத்தில் ஒரே ஆள் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார். பங்கின் பெயர், தெருவின் பெயர், தொழில் என்று மாற்றி மாற்றித் தேடுங்கள். தட்டச்சு வரியில் சந்தேகம் வந்தால் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். அக்காலத்து நீள 'எஸ்' எழுத்து பார்க்க 'எஃப்' மாதிரி இருக்கும். அது கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

படி 3: முதலில் தோல் தாள், அப்புறம் காகிதம்

ஒரு விசாரணையின் ஆவணக் கட்டுக்குள் பொதுவாக இரண்டு வகை இருக்கும். ஜூரிகள் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்த முடிவுப் பத்திரம் தோல் தாளில் இருக்கும். சாட்சிகளின் வாக்குமூலங்கள் சாதாரணக் காகிதத்தில். எல்லாக் கட்டுகளிலும் இரண்டும் இருக்காது. சிலவற்றில் முடிவு மட்டுமே மிஞ்சியிருக்கும்.

தோல் தாளில் தேதி, பங்கு, இறந்தவர், முடிவு ஆகிய நான்கை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அச்சு வார்ப்பு. "கடவுள் பயத்தைக் கண்முன் கொள்ளாமல், பிசாசின் தூண்டுதலால் மயங்கி" என்று படித்தவுடன் ஜூரிகள் இறந்தவரை வெறுத்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கொலைக்கும், புத்தி தெளிவோடு செய்த தற்கொலைக்கும் அந்த வரி எப்போதும் உண்டு. விபத்து என்றால் "தற்செயலாக, துர்அதிர்ஷ்டத்தால்" என்று இன்னொரு வார்ப்பு.

தேதியில் கவனம் வேண்டும். ஆண்டை எண்ணாகப் போடாமல் ராஜாவின் ஆட்சியாண்டாகச் சொல்வார்கள். மூன்றாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தது 1760 அக்டோபர் 25. ஆகவே அவருடைய 15-ஆம் ஆட்சியாண்டு 1774 அக்டோபர் 25-இல் தொடங்கி அடுத்த அக்டோபர் 24-இல் முடியும். 1752-க்கு முந்தைய ஆவணமென்றால் இன்னொரு சிக்கல்: அப்போது சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. பிப்ரவரி 1740 என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1741. அதோடு 1752 செப்டம்பர் 2-ஆம் தேதிக்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று நாட்காட்டியை மாற்றினார்கள். 1733-க்கு முந்தைய முடிவுப் பத்திரங்கள் லத்தீனில் இருக்கும். புதியவர்கள் அந்தப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

படி 4: ஒரு சாட்சியத்தைப் பிரித்துப் பாருங்கள்

1550-களிலேயே வந்த ஒரு சட்டம், ஆட்கொலை விசாரணையில் சாட்சிகள் சொன்னதன் சாரத்தை, அதுவும் வழக்குக்கு வேண்டிய அளவுக்கு, கொரோனர் எழுதி வைக்க வேண்டும் என்றது. 18-ஆம் நூற்றாண்டிலும் அதே வழக்கம்தான். சாரம் என்றால் வாய்வார்த்தை அல்ல. சாட்சி நான் என்று பேசியிருப்பாள், காகிதத்தில் 'இந்தச் சாட்சி' என்று மாறியிருக்கும். நம்மூர் கிரயப் பத்திரம் படித்தவர்களுக்கு அந்த நடை உடனே பழகிவிடும், வரிக்கு வரி 'மேற்படி' தான்.

மாதிரிக்காக நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன். உண்மை ஆவணம் அல்ல, ஆனால் அச்சு இதுதான்:

"இந்தச் சாட்சி சத்தியம் செய்து சொல்வதாவது: தானும் இறந்தவளும் ஒரே அறையில் குடியிருந்ததாகவும், கடந்த செவ்வாய் இரவு பத்து மணி வாக்கில் இறந்தவள் வழக்கம்போல் படுத்ததாகவும், அப்போது அவள் மது அருந்தியிருக்கவில்லை என்றும், சில வாரங்களாக மனம் சோர்ந்திருந்தாள் என்றும், மேற்படி அறையின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது என்றும், காலை ஆறு மணிக்கு எழுப்பியபோது உடம்பு குளிர்ந்துபோயிருந்தது என்றும், தனக்குத் தெரிந்தவரை அவளுக்கு யாரோடும் சண்டை இல்லை என்றும்..."

ஒரு பெண் தன் அறைத்தோழி செத்துக் கிடந்ததைச் சொல்லும்போது, "அவள் குடித்திருக்கவில்லை" என்று தானாகச் சொல்வாளா? கேட்டதால் சொன்னாள். "கதவு தாழிட்டிருந்தது" என்பதும் அப்படித்தான். வெளியாள் யாராவது வந்திருக்க முடியுமா என்று யாரோ கேட்டிருக்கிறார். "மனம் சோர்ந்திருந்தாள்" என்பதற்குப் பின்னால் தற்கொலைச் சந்தேகம் இருக்கிறது. "சண்டை இல்லை" என்பதில் கொலைச் சந்தேகம். எழுத்தர் கேள்விகளை நீக்கிவிட்டுப் பதில்களை ஒரே மூச்சில் கோத்துவிட்டார். அதனால்தான் அவளே அடுக்கடுக்காகச் சொன்ன மாதிரித் தெரிகிறது.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் பதிலை எழுதுங்கள், வலப்பக்கம் கேள்வியை எழுதுங்கள். 'இல்லை', 'கிடையாது' என்று வரும் இடங்கள்தான் மிகவும் எளிதான பிடிகள். யாரும் கேட்காமல் ஒருவர் எதையும் மறுக்க மாட்டார். எந்தக் கேள்விக்கும் பொருந்தாமல் ஒரு வரி மிஞ்சினால் அதைக் கட்டம் கட்டி வையுங்கள். இறந்தவள் படுக்கும் முன் அடுத்த நாளைக்கு வேண்டிய ரொட்டியை எடுத்து வைத்தாள் என்பது போன்ற வரி. அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கேதான் சாட்சியின் சொந்தக் குரலுக்கு மிக அருகில் வருகிறீர்கள்.

கடைசியில் கையெழுத்தைப் பாருங்கள். பெயர் எழுதியிருக்கிறாரா, அல்லது ஒரு பெருக்கல் குறியா? குறி என்றால் அவரால் அந்தக் காகிதத்தைத் தானே படித்துச் சரிபார்த்திருக்க முடியாது. மற்றவர் வாசித்துக் காட்டியதைக் கேட்டுக் குறி வைத்தவர்.

படி 5: ஜூரிகளுக்கு எது தெரிய வேண்டியிருந்தது?

கேள்விகளைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், ஜூரிகள் எந்த முடிவை எடுக்க வேண்டியிருந்தது, அந்த முடிவால் யாருக்கு என்ன போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள்.

தற்கொலையை எடுத்துக்கொள்வோம். புத்தி தெளிவாக இருக்கும்போதே ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று முடிவானால் அது குற்றம். அவருடைய அசையும் சொத்து அரசுக்குப் போகும். கோவில் நிலத்தில் முறையான அடக்கம் கிடையாது. நாற்சந்தியில் குழி தோண்டி, உடம்பில் முளை அடித்துப் புதைக்கும் வழக்கம் இருந்தது. 1823-இல்தான் அதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். சொத்துப் பறிமுதல் 1870 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. புத்தி பேதலித்த நிலையில் செய்தார் என்று முடிவானால் இந்த எதுவும் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு போய்ச் சாட்சியங்களைப் படியுங்கள். தலைவலி என்றார், பேச்சில் நிதானம் இல்லை, சாப்பிடவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்று கணவனை இழந்தவள், வீட்டுக்காரி, கடைக்காரர் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள். நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்பாலான ஜூரிகள் புத்தி பேதலிப்பு என்றே முடிவெடுத்தார்கள். அதை வைத்து லண்டனில் மனநோய் பெருகியது என்று எழுதினால் தவறு. ஒரு விதவையின் படுக்கையும் பாத்திரமும் பறிபோகாமல் இருக்க ஒரு தெருவே சேர்ந்து சொன்ன சொற்கள் அவற்றில் நிறைய உண்டு. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னதில் எதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பொறுத்தவரை அந்த நகரத்து ஏழைகளின் ஒற்றுமை இவ்வளவு தெளிவாக எழுத்தில் பதிந்த இடம் வேறில்லை.

வண்டி விபத்தில் வேறொரு கணக்கு. உயிர் போகக் காரணமாக அசைந்த பொருள், அது குதிரையானாலும் சக்கரமானாலும், அரசுக்குச் சேர வேண்டும் என்று பழைய சட்டம் இருந்தது. டியோடாண்ட் என்று அதற்குப் பெயர். நடைமுறையில் ஜூரிகள் அந்தப் பொருளுக்கு ஒரு விலை வைப்பார்கள், சொந்தக்காரர் அந்தத் தொகையைக் கட்டுவார். 1846-இல்தான் அது ஒழிந்தது. அதனால் சாட்சி, "வலப்பக்கத்துப் பின்சக்கரம்தான் மேலே ஏறியது, வண்டி அப்போது மெதுவாகப் போனது" என்று வியப்பூட்டும் துல்லியத்தோடு சொல்வார். முழு வண்டியும் குதிரைகளுமா, வெறும் ஒரு சக்கரமா என்பதில் விலை மாறும். அந்தத் துல்லியம் அவருடைய கண்கூர்மையால் மட்டும் வந்ததல்ல.

மிகவும் கனமான கட்டுகள் பிறந்த குழந்தைகளைப் பற்றியவை. படிக்கும் முன் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். 1624-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணமாகாத தாய் தன் குழந்தையின் சாவை மறைத்தால், அது செத்தே பிறந்தது என்று நிரூபிக்காதவரை அவள் கொலைகாரி. 1803 வரை அந்தச் சட்டம் இருந்தது. அதனால்தான் சாட்சியங்களில் திடீரென்று துணி வரும். குழந்தைக்கென்று சின்னத் துணிகள் தைத்து வைத்திருந்தாளா, பெட்டியில் இருந்ததா, யார் பார்த்தார்கள்? துணி தயாராக வைத்திருந்தவள் மறைக்க நினைக்கவில்லை என்று வாதாட முடியும். சக வேலைக்காரப் பெண் ஒருத்தி, "அவள் பெட்டியில் ஒரு குட்டித் தொப்பியைப் பார்த்தேன்" என்று சொல்லும் ஒரு வரி ஒரு கழுத்தைக் கயிற்றிலிருந்து காப்பாற்றப் பேசியதாக இருக்கலாம்.

படி 6: நேரம், வெளிச்சம், டாக்டர்

மணி சொல்லும்போது சாட்சிகள் கோவில் மணியையோ இரவுக் காவலரின் கூவலையோ வைத்துத்தான் சொல்வார்கள். காவலர்கள் மணியையும் வானிலையையும் கூவிக்கொண்டே தெருவில் போவார்கள். "இரண்டு அடித்தது என்று காவலர் கூவியதைக் கேட்டேன்" என்றால் அந்தச் சாட்சி அப்போது விழித்திருந்தார் என்பதும் கூடவே தெரிகிறது. ராத்திரி நடந்ததை ஒருவர் தெளிவாகப் பார்த்ததாகச் சொன்னால், விளக்கு எங்கே இருந்தது என்று தேடுங்கள். நிலா வெளிச்சம், எண்ணெய் விளக்கு, மதுக்கடைக் கதவு வழியாக விழுந்த வெளிச்சம் என்று பெரும்பாலும் எங்காவது சொல்லியிருப்பார்கள்.

நீரில் மூழ்கியவர்கள் விஷயத்தில் 1774-ஐ நினைவில் வையுங்கள். வில்லியம் ஹாஸ், தாமஸ் கோகன் என்ற இரண்டு மருத்துவர்கள் அந்த ஆண்டு தொடங்கிய அமைப்புதான் பின்னாளில் ராயல் ஹ்யூமேன் சொசைட்டி ஆனது. மூழ்கியவரை உயிர்ப்பிக்க முயல்பவர்களுக்கும், இடம் கொடுக்கும் மதுக்கடைக்காரர்களுக்கும் அது பரிசு கொடுத்தது. அதற்கப்புறம் வரும் சாட்சியங்களில், சூடான போர்வை, உடம்பைத் தேய்ப்பது, துருத்தியால் புகையிலைப் புகையை ஆசனவாய் வழியாகச் செலுத்துவது என்று வைத்திய முயற்சிகள் வரும். விநோதமாகத் தோன்றினாலும் அன்று அது அங்கீகரிக்கப்பட்ட வைத்தியம்.

டாக்டர் சாட்சியம் குறைவாக இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். மரண விசாரணையில் சாட்சி சொல்லும் மருத்துவருக்குக் கட்டணம் என்பதே 1836-இல்தான் சட்டமானது. அதுவரை உடலைத் திறந்து பார்ப்பது அரிது. வெளிக்காயம் இல்லை, சண்டை இல்லை என்றால் "கடவுளின் செயல்" என்று முடித்தார்கள். இன்று மாரடைப்பு, மூளை ரத்தக்கசிவு என்று சொல்லக்கூடிய பலவும் அந்த வார்த்தைக்குள் போய்விட்டன. எது என்று நாம் இங்கிருந்து நோய் கண்டுபிடிக்க முயல்வது வீண்.

படி 7: கேள்விகள் மிஞ்சிய இடத்தில் பயிற்சி எடுங்கள்

ஓல்ட் பெய்லி அறிக்கைகள் சுருக்கெழுத்தாளர்கள் எடுத்த குறிப்பிலிருந்து அச்சானவை. வெட்டிச் சுருக்கி விற்பனைக்குப் போட்டவைதான். ஆனாலும் பல வழக்குகளில் கேள்வியும் பதிலும் தனித்தனியாக இருக்கும். எந்த மாதிரியான கேள்விகள் கேட்டார்கள் என்று அங்கே கற்றுக்கொண்டு, மரண விசாரணைக் காகிதத்துக்குத் திரும்பி வாருங்கள்.

இதற்கு நான் பரிந்துரைப்பது ஜோசப் பரெட்டி வழக்கு. இத்தாலியர், இத்தாலிய-ஆங்கில அகராதி தொகுத்தவர், ராயல் அகாடமி என்ற கலைக் கழகத்தின் வெளிநாட்டுக் கடிதத் தொடர்புச் செயலர். 1769 அக்டோபர் 6, வெள்ளிக்கிழமை இரவு ஹேமார்க்கெட்டில் தெருவோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அவர்மேல் கை வைக்க, அவர் திருப்பி அடிக்க, சில ஆண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஓடும்போது தன்னிடமிருந்த சிறு பழக்கத்தியால் குத்தினார். எவன் மார்கன் என்பவர் மருத்துவமனையில் இறந்தார். அக்டோபர் 20-ஆம் தேதி கொலை வழக்கு விசாரணைக்கு வந்தது. வெளிநாட்டவர் என்பதால் பாதிப் பேர் வெளிநாட்டவராக உள்ள ஜூரியைக் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. வேண்டாம் என்றார்.

முதலில் அரசுத் தரப்புச் சாட்சிகளைப் படியுங்கள். எலிசபெத் வார்ட் என்ற பெண்ணின் சாட்சியம், மார்கனோடு இருந்து தானும் குத்துப்பட்ட தாமஸ் பாட்மனின் சாட்சியம், அப்புறம் ஜான் கிளார்க். யார் யாரைத் தள்ளினார், எந்தப் பக்கம் ஓடினார் என்று மூவர் சொல்வதையும் ஒரு வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். பிறகு பரெட்டியின் நீண்ட அறிக்கை. அது சத்தியம் செய்து சொன்னதல்ல. குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியப் பிரமாணத்தில் சாட்சி சொல்ல இங்கிலாந்தில் பொதுவாக அனுமதி வந்தது 1898-இல். அவருடைய சொல்லை மற்றவர்களின் சொல்லோடு ஒரே தராசில் வைக்கும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

கடைசியாக நண்பர்கள் வருகிறார்கள். ஓவியர் ஜாஷுவா ரெனால்ட்ஸ், அரசியல்வாதி எட்மண்ட் பர்க், நடிகர் டேவிட் காரிக், எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன். பரெட்டியின் கண்பார்வை எப்படி என்று ஜான்சனிடம் கேட்கிறார்கள். இப்போது அவருக்கு என்னைத் தெரியவில்லை, எனக்கும் அவரைத் தெரியவில்லை என்கிறார் ஜான்சன். ஒரே அறையில் நின்றுகொண்டு! அந்தக் கேள்வி அச்சாகாமல் பதில் மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால் என்ன நினைப்போம்? நண்பரைக் கைகழுவுகிறார் என்றுகூட நினைத்திருப்போம். கேள்வி பக்கத்திலேயே இருப்பதால், இருட்டில் எதிரே வந்தவர்கள் யார், எத்தனை பேர் என்று பரெட்டியால் பார்த்திருக்கவே முடியாது என்ற வாதம் புரிகிறது. தற்காப்பு என்று ஏற்று ஜூரிகள் அவரை விடுவித்தார்கள்.

அதோடு நிறுத்தாமல் 1742-ஆம் ஆண்டின் வில்லியம் பேர்ட் வழக்கையும் படியுங்கள். செயின்ட் மார்ட்டின் பங்கின் காவல் அறைக்குப் பொறுப்பாளர் அவர். ஜூலை மாதத்து இரவொன்றில், தெருவில் பிடித்துவந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களை, பெரும்பாலும் பெண்கள், காற்றில்லாத ஒரு பொந்தில் அடைத்துப் பூட்டினார்கள். தண்ணீர், தண்ணீர் என்று கத்தியிருக்கிறார்கள். விடிவதற்குள் நான்கு பேராவது மூச்சுத் திணறி இறந்துவிட்டார்கள். உயிர் பிழைத்தவர்கள் நீதிமன்றத்தில் வந்து நின்று நடந்ததைச் சொன்னார்கள். பேர்ட் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது, தண்டனை பிறகு நாடுகடத்தலாகக் குறைந்தது. பரெட்டிக்குப் பேச நாட்டின் பெரிய மனிதர்கள் வந்தார்கள். இந்தப் பெண்களுக்கு அவர்களே பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. சத்தம் யாருக்கெல்லாம் கேட்டது, கேட்டவர்கள் ஏன் வரவில்லை என்ற கேள்வியோடு அதைப் படியுங்கள். எதிர்தரப்பு அவர்களிடம் கேட்ட கேள்விகளில் எத்தனை அந்த இரவைப் பற்றியவை, எத்தனை அவர்களுடைய நடத்தையைப் பற்றியவை என்று பிரித்து எழுதிப் பாருங்கள்.

படி 8: வெளியே போய்ச் சரிபார்ப்பது

ஒரு கட்டைப் படித்து முடித்ததும் மூன்று இடங்களில் தேடலாம். வாராந்திர மரணப் பட்டியல்கள் முதலாவது. ஒவ்வொரு பங்கிலும் 'தேடுபவர்கள்' என்று அழைக்கப்பட்ட வயதான பெண்கள் பிணத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல, அதைத் தொகுத்து அச்சிட்டார்கள். 'திடீரென்று', 'இறந்து கிடந்தவர்', 'மூழ்கியவர்', 'அதிகக் குடி' என்று தலைப்புகள் இருக்கும். ஆள் பெயர் இருக்காது, அந்த வாரத்து எண்ணிக்கை மட்டுமே. அடுத்தது செய்தித்தாள். கொரோனர் விசாரணை பற்றி இரண்டு மூன்று வரி வரும், அந்த வரிகளில் பிழையும் சேர்ந்தே வரும். சாட்சியத்துக்கும் செய்திக்கும் முரண் வந்தால் சத்தியம் வாங்கி எழுதியதையே முதலில் நம்புவேன்.

மூன்றாவது, பங்கின் அடக்கப் பதிவேடு. பயனுள்ளது இதுதான். விசாரணை முடிந்த ஓரிரு நாளில் பெயர் வந்திருக்க வேண்டும். புத்தி தெளிவோடு தற்கொலை என்று முடிவான ஒருவருடைய பெயர் அங்கே இருந்தால், பங்கில் யாரோ கண்டும் காணாமல் விட்டிருக்கிறார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரே கிடைக்கவில்லையென்றால், இறந்த இடத்தின் பங்கை விட்டுவிட்டு அவர் குடியிருந்த பங்கின் பதிவேட்டைத் திறங்கள். உறவினர்கள் உடலை வாங்கிக்கொண்டு சொந்தப் பங்குக்கே எடுத்துச் சென்று புதைத்திருக்கலாம். குடியிருந்த இடம் எது என்பது பெரும்பாலும் முதல் சாட்சியத்தின் முதல் இரண்டு வரிகளில் இருக்கும்.